ஆறு சர்டிபிகேட் இருக்கு, யூனிட் மட்டும் ஏன் அதே அளவுல நிக்குது?

கேள்வி: வணக்கம் அக்கா. நான் துணிப்பை தைக்கிற யூனிட் வச்சிருக்கேன், ஆறு வருஷம் ஆச்சு. நாலு மெஷின், என்னோட சேர்த்து அஞ்சு பேரு. ஒரு மாசம் கூட யாருக்கும் சம்பளம் நிறுத்தினதில்ல. ஆனா ரெண்டாவது வருஷம் எந்த அளவுல இருந்துச்சோ இன்னைக்கும் அதே அளவுதான். இதுவரைக்கும் ஆறு ட்ரெய்னிங் முடிச்சிட்டேன், தொழில்முனைவோர் பயிற்சி, டிஜிட்டல் மார்க்கெட்டிங், தன்னம்பிக்கை வளர்ப்புன்னு, எல்லாத்துக்கும் சர்டிபிகேட் இருக்கு. பெண் தொழில்முனைவோர் மீட்டிங்குக்கும் விடாம போறேன், நூறு விசிட்டிங் கார்டு வாங்கியிருப்பேன், ஒரு ஆர்டர் வரல. போன வருஷம் பெண்கள் குழு மூலமா என் பேர்ல லோன் எடுத்தேன், அதுல பாதிக்கு மேல வீட்டுக்காரரோட மொபைல் கடைக்கு போச்சு, அதுவும் நம்ம குடும்பந்தானே, அதுல எனக்கு வருத்தம் இல்ல. பிசினஸ் பதிவும் வசதிக்காக அவர் பேர்லயே இருக்கு. பெண்களுக்கு அரசாங்க திட்டம் நிறைய இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க, எதுவும் என்கிட்ட வந்து சேரல. அடுத்த மாசம் இன்னொரு மூணு நாள் ட்ரெய்னிங் இருக்கு, போகலாமான்னு யோசனை. எனக்குள்ளதான் ஏதாவது குறையா அக்கா? பேர் போட வேண்டாம்.

பதில்:

தங்கச்சி, உங்க கடைசி கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், இல்லைன்னா மிச்சத்தைப் படிக்கிற வரைக்கும் அது மனசுல உறுத்திட்டே இருக்கும். உங்ககிட்ட குறை இல்ல. ஆறு வருஷமா நாலு பேருக்கு சம்பளம் தவறாம குடுக்கிற ஒரு ஆளு தன்னம்பிக்கை வகுப்புல உட்கார வேண்டிய அவசியமே இல்ல, உங்களை அங்க கூப்பிட்டு பேச வச்சிருக்கணும்.

உங்க லெட்டரை மூணு தடவ படிச்சேன். ட்ரெய்னிங் பத்தியும் மீட்டிங் பத்தியும் கவலையோட விவரமா எழுதியிருக்கீங்க. ஆனா ரெண்டு விஷயத்தை மட்டும் போற போக்குல சொல்லிட்டு தாண்டிப் போயிட்டீங்க. லோன்ல பாதி வீட்டுக்காரர் கடைக்கு போனது ஒண்ணு, பதிவு அவர் பேர்ல இருக்கிறது இன்னொண்ணு. நான் ஒரு பேங்க்ல லோன் செக்‌ஷன்ல வருஷக்கணக்கா இருந்துட்டு அப்புறமா சின்ன யூனிட்டுகளுக்கு கணக்கு, கடன் விஷயத்துல ஆலோசனை சொல்ற வேலைக்கு வந்தவ, பெண்கள் நடத்துற தொழில் ஏன் ஒரே இடத்துல நின்னு போகுதுன்னு நூல் பிடிச்சு போனா முக்கால்வாசி நேரம் இந்த ரெண்டு இடத்துலதான் வந்து முட்டும். அதனால இதை முதல்ல பேசிடலாம், ட்ரெய்னிங் கடைசில வரட்டும்.

பணத்துல இருந்து ஆரம்பிக்கறேன். இலங்கைல 2005ல ஆரம்பிச்சு சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப்னு மூணு பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு ஆய்வு பண்ணாங்க. சின்ன சின்னதா தொழில் பண்றவங்கள்ல குலுக்கல் முறைல சிலரைத் தேர்ந்தெடுத்து, திருப்பித் தர வேண்டாம்னு சொல்லி பணமாவோ பொருளாவோ குடுத்துட்டு, அதுக்கப்புறம் லாபம் எவ்வளவு ஏறுதுன்னு தொடர்ந்து பார்த்துட்டே வந்தாங்க. ஆண்களோட தொழில்ல லாபம் நல்லா ஏறுச்சு. பெண்களோட தொழில்ல சராசரியா பார்த்தா ஏறவே இல்ல. இதை மட்டும் கேட்டா யாருக்கும் என்ன தோணும்? பொம்பளைங்களுக்கு பணத்தை வச்சு தொழில் பண்ணத் தெரியல, இன்னும் ட்ரெய்னிங் குடுங்கன்னுதான் தோணும். ஆனா 2019ல எரிக்கா ஃபீல்டு, ரோஹிணி பாண்டே இவங்க இருந்த ஒரு குழு, இந்தியா, இலங்கை, கானா மூணு நாட்டுல இந்த மாதிரி நடந்த ஆய்வுகளோட கணக்கைத் திரும்ப எடுத்து, ஒரே ஒரு கேள்வியைக் கூட சேர்த்துக் கேட்டாங்க. அந்த வீட்ல வேற யாராவது தொழில் பண்றாங்களா? அவ்ளோதான் கேள்வி. வீட்ல அந்தப் பொண்ணு மட்டுந்தான் தொழில் பண்றான்னா, அவளுக்கு குடுத்த பணம் ஆண்களுக்கு குடுத்த பணம் மாதிரியே லாபத்தை ஏத்தியிருக்கு. கணவருக்கும் ஒரு தொழில் இருந்த வீடுகள்லதான் அவளோட தொழில்ல ஒண்ணுமே தெரியல, ஏன்னா பணம் அந்தப் பக்கம் போய் வேலை செஞ்சிருக்கு.

இப்ப உங்க லெட்டரைத் திரும்ப படிச்சுப் பாருங்க. உங்க வீட்டுக்காரரை குத்தம் சொல்ல நான் வரல, அவரு கடைல அந்தப் பணம் நல்லபடியா வேலை செஞ்சிருக்கலாம், வீட்டு வருமானம் கூட ஏறியிருக்கலாம். ஆனா நீங்க ஆறு வருஷமா "என் யூனிட் ஏன் வளரல"ன்னு உங்களையே கேட்டு நொந்துக்கிறீங்களே, அந்தக் கேள்விக்கு பாதி பதில் மொபைல் கடைல இருக்கு. தவணை கட்டறது உங்க யூனிட், பணம் நிக்கறது அவரு கடைல, வளரலைங்கற கெட்ட பேரு மட்டும் உங்களுக்கு. இது எந்த கணக்குலயும் நியாயம் இல்ல.

என்ன பண்ணலாம்னா, அந்தப் பணத்தை "போச்சு"ன்னு விடாதீங்க, யூனிட் கணக்கு புக்ல "மொபைல் கடைக்கு கடன்"னு இந்தத் தேதில இவ்வளவுன்னு எழுதுங்க. வட்டி போடணும்னு அவசியமில்ல, ஆனா எழுத்துல இருக்கணும். குழு லோன் தவணைல அவரு எடுத்த அளவுக்கு அவரு கடைல இருந்து மாசா மாசம் வரணும், அதுவும் கைல வாங்கி பர்ஸ்ல வச்சுக்காம யூனிட் அக்கவுண்ட்டுக்கு வரணும். இதை சண்டையா ஆரம்பிக்க வேண்டாம், கணக்கா ஆரம்பிங்க, ரெண்டு கடைக்கும் தனித்தனியா கணக்கு இருந்தாதான் எதுக்கு இன்னும் போடலாம்னு ரெண்டு பேருக்குமே தெரியும்னு சொல்லுங்க, பாதிப் பேரு இதுக்கு ஒத்துக்குவாங்க, என் அனுபவத்துல பாதிக்கு மேலயே. இனிமே எடுக்கப்போற எந்தக் கடனும் நீங்க மட்டும் கையெழுத்து போடற ஒரு தனி அக்கவுண்ட்லதான் இறங்கணும். இது ரொம்ப சின்ன விஷயம் மாதிரி தெரியும். உகாண்டால சின்னக் கடன் குடுக்கற பிராக்ங்கற தொண்டு அமைப்புகிட்ட கடன் வாங்கின சுமார் 3,000 பெண்களை வச்சு எம்மா ரைலிங்கற ஆய்வாளர் பார்த்தாங்க, கடனை ரொக்கமா கைல குடுக்காம அந்தப் பொண்ணோட சொந்த மொபைல் பண அக்கவுண்ட்ல, அதாவது போன்லயே பணம் வச்சுக்கற கணக்குல, போட்டப்போ, எட்டு மாசம் கழிச்சு அவங்க தொழில் லாபம் 15 சதவீதம் கூட இருந்துச்சு. கடன் தொகை மாறல, வட்டி மாறல, ஒரு வகுப்பு கூட எடுக்கல, பணம் எங்க வந்து இறங்குதுங்கறது மட்டுந்தான் மாறுச்சு. வீட்ல பணம் கேட்டு அழுத்தம் இருந்தவங்களுக்குத்தான் இதுல பலன் அதிகம். எலா பட் அம்மா ஆரம்பிச்ச, சுயதொழில் பண்ற பெண்களோட சங்கமான சேவா அமைப்புல 1974லயே 4,000 பெண்கள் ஆளுக்கு பத்து ரூபா போட்டு தங்களுக்குன்னு ஒரு பேங்க்கையே தொடங்கினாங்க, தன் பேர்ல தனியா ஒரு கணக்குங்கறது அவங்களுக்கு அவ்வளவு அவசியமா இருந்துச்சு.

இப்ப அந்த ரெண்டாவது விஷயம், பதிவு. இதைத்தான் நான் உங்ககிட்ட அழுத்தி சொல்லணும்னு நினைக்கறேன். திட்டம் எதுவும் வந்து சேரலைன்னு எழுதியிருக்கீங்க. எப்படி சேரும் தங்கச்சி? பேப்பர்ல பார்த்தா அது ஒரு ஆம்பளையோட யூனிட். நீங்க அங்க யாருமே இல்ல, தையல்காரம்மா கூட இல்ல. பெண்கள் தொழிலுக்குன்னு எந்த நாட்டுல எந்த சலுகை வச்சாலும் முதல்ல கேக்கறது இது யார் பேர்ல இருக்குங்கறதைத்தான். பெரும்பாலான இடத்துல குறைஞ்சது 51 சதவீதம் பெண் பேர்ல இருக்கணும், அதோட நிர்வாகமும் அவங்க கைலதான் இருக்கணும்னு விதி வச்சிருக்காங்க. அமெரிக்கால மத்திய அரசு வாங்கற பொருள்ல 5 சதவீதம் பெண்கள் நிறுவனத்துல இருந்து வரணும்னு 1994ல இலக்கு வச்சாங்க. கென்யால அரசு கொள்முதல்ல 30 சதவீதத்தை பெண்கள், இளைஞர்கள், மாற்றுத்திறனாளிகளுக்குன்னு ஒதுக்கியிருக்காங்க. இந்தியால மத்திய அரசு நிறுவனங்கள் குறு சிறு தொழில்கள்கிட்ட வாங்கற 25 சதவீதத்துக்குள்ள 3 சதவீதம் பெண்கள் தொழிலுக்குன்னு 2018ல சேர்த்தாங்க. பெரிய கம்பெனிகளுக்கு சப்ளை பண்ண வழி காட்டற வீகனெக்ட் இன்டர்நேஷனல் மாதிரி அமைப்பும் சான்றிதழ் குடுக்க இதே 51 சதவீதத்தைத்தான் பார்க்குது. உங்க ஆறு சர்டிபிகேட்டையும் விட அந்த ஒரு பதிவு பேப்பருக்கு மதிப்பு அதிகம், அது உங்க பேர்ல இல்ல.

"வசதிக்காக"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த வசதி எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்கு நல்லாவே தெரியும், ஏன்னா நானே அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கேன். லோன் கேட்டு ஒரு பொண்ணு தனியா வந்தா, பேப்பர் எல்லாம் சரியா இருந்தாலும், "வீட்டுக்காரரையும் ஒரு தடவ கூட்டிட்டு வாங்கம்மா"ன்னு நானே சொல்லியிருக்கேன், எந்த விதிலயும் அப்படி எழுதல, மேல இருந்தவங்க சொன்னாங்க, நானும் சொன்னேன், அதுல சில பேரு திரும்ப வரவே இல்ல. இன்னைக்கு வரைக்கும் அதை நினைச்சா எனக்கு கஷ்டமாத்தான் இருக்கு. இது ஏதோ ஒரு ஊர் பழக்கம்னு நினைக்காதீங்க. பிரான்ஸ்ல 1965 வரைக்கும் கல்யாணமான பொண்ணு கணவர் சம்மதம் இல்லாம பேங்க் அக்கவுண்ட் திறக்க முடியாது. அமெரிக்கால பிசினஸ் லோனுக்கு ஆண் உறவினர் கையெழுத்து கேக்கற மாகாண சட்டங்கள் 1988 வரைக்கும் இருந்துச்சு, அந்த வருஷம் வந்த பெண்கள் தொழில் உரிமை சட்டம்தான் அதை எடுத்துச்சு. காங்கோ ஜனநாயகக் குடியரசுல 2016லதான் கணவர் அனுமதி இல்லாமலே பெண்கள் தொழில் பதிவு பண்ணலாம்னு மாத்தினாங்க. சட்டம் மாறியாச்சு, ஆனா கவுன்டர்ல உட்கார்ந்திருக்கிறவங்க பழக்கமும் நம்ம வீட்டுப் பழக்கமும் மெதுவாத்தான் மாறுது, "அவர் பேர்லயே போட்டுடலாம், அலைச்சல் மிச்சம்"னு நாமளே சொல்லிடறோம்.

பதிவை எப்படி மாத்தறதுங்கறது இடத்துக்கு இடம் மாறும், அதனால ஒரு நல்ல கணக்காளர்கிட்ட உட்கார்ந்து பேசுங்க. ஆனா போறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் மனசுல இருக்கட்டும். ஒண்ணு, பழைய பில்லு, வரி கட்டின ரசீது, சப்ளை பண்ணதுக்கு வாங்கின லெட்டர் எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு வைங்க, புதுசா உங்க பேர்ல தனி உரிமையா ஆரம்பிச்சா சுலபம்தான் ஆனா பேப்பர்ல நேத்து பொறந்த யூனிட் மாதிரி ஆயிடும், முன்னாடி பண்ண வேலையைக் காட்ட வழி வேணும், அதனால பழைய பதிவையே மாத்த முடியுமா இல்ல பார்ட்னர்ஷிப்பா மாத்தி பெரும்பங்கை உங்க பேர்ல வைக்க முடியுமான்னு கேளுங்க. ரெண்டாவது, பேர் மட்டும் மாத்தினா போதாது. சலுகைக்கு சரிபார்க்க வர்றவங்க செக்ல யார் கையெழுத்து, விலையை யார் முடிவு பண்றது, வாடிக்கையாளர்கிட்ட யார் பேசறதுன்னு கேப்பாங்க. உங்க கேஸ்ல இது எல்லாமே ஏற்கனவே நீங்கதானே பண்றீங்க, கையெழுத்து மட்டுந்தான் பாக்கி. பேருக்கு பொண்டாட்டி பேரை வச்சு பின்னாடி வேற ஆள் நடத்தற பினாமி கேஸ் நிறைய இருக்கறதாலதான் இவ்வளவு கேள்வி கேக்கறாங்க, அதுல உங்களை மாதிரி நிஜமாவே நடத்தறவங்க பயப்பட ஒண்ணுமில்ல.

பதிவு மாத்தின உடனே டெண்டர் மழையா கொட்டும்னு நான் சொல்ல மாட்டேன். அந்த அமெரிக்க 5 சதவீதம் இலக்கை முதல் தடவையா தொட்டதே 2015லதான், 21 வருஷம் ஆச்சு. சட்டத்துல எழுதறதுக்கும் ஆர்டர் கைக்கு வர்றதுக்கும் நடுவுல அவ்வளவு தூரம் இருக்கு. டெண்டர்ல மூணு வருஷ டர்ன்ஓவர், அதாவது மொத்த விற்பனைக் கணக்கு, கேப்பாங்க, டெபாசிட் கேப்பாங்க, நாலு மெஷின் யூனிட்டால தைச்சு முடிக்கவே முடியாத அளவை ஒரே லாட்டா போடுவாங்க, சப்ளை பண்ணதுக்கப்புறம் பணம் எப்ப வரும்னு சொல்ல மாட்டாங்க. அதனால முதல் வருஷம் நேரா டெண்டருக்கு போகாதீங்க, ஏற்கனவே பெரிய ஆர்டர் எடுத்து வச்சிருக்கிற ஒரு யூனிட்டுக்கு ஒரு பகுதியை எடுத்து தைச்சுக் குடுங்க, ஆனா ஜாப் ஒர்க்குன்னு வாய் வார்த்தையா இல்லாம உங்க பேர்ல பில் போட்டு. அந்த பில்லுதான் அடுத்த வருஷம் உங்களுக்கு டர்ன்ஓவர்.

அப்புறம், நீங்க போற அந்தப் பெண்கள் சங்கம் அதிகாரிகளைப் பார்க்கப் போகும்போது என்ன கேக்குதுன்னு கவனிச்சிருக்கீங்களா? நான் பார்த்த வரைக்கும் பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் ட்ரெய்னிங், ஒரு கண்காட்சி, ஒரு விருது. குடுக்கறவங்களுக்கும் இது சுலபம், போட்டோ எடுத்துட்டு போயிடலாம். கேக்க வேண்டியது வேற. ஆர்டரை சின்ன சின்ன லாட்டா பிரிச்சுப் போடுங்க, ஒதுக்கின சதவீதத்துல எவ்வளவு நிஜமா வாங்கினீங்கன்னு வருஷா வருஷம் துறை வாரியா வெளியிடுங்க, டெண்டர்ல தோத்தா ஏன் தோத்தோம்னு எழுத்துல சொல்லுங்க, பில்லுக்கு குறிச்ச நாள்ல பணம் குடுங்க. இந்தக் கடைசி விஷயத்துக்கு நிறைய இடத்துல சட்டமே இருக்கு, ஐரோப்பிய யூனியன்ல அரசு அமைப்புகள் பொதுவா 30 நாள்ல குடுக்கணும்னு 2011ல விதி போட்டாங்க, இந்தியால குறு சிறு தொழில்களுக்கு அதிகபட்சம் 45 நாள்னு 2006ல இருந்தே சட்டம் இருக்கு. ஆனா சின்ன யூனிட் தனியா போய் "சட்டப்படி குடு"ன்னு கேட்டா அடுத்த ஆர்டர் போயிடும்னு பயம், அந்த பயம் நியாயமானதுதான். அதைத்தான் சங்கமா போய் கேக்கணும், சங்கம்னு ஒண்ணு வச்சிருக்கறதே அதுக்குத்தானே.

மீட்டிங் விஷயத்துக்கு வரேன். நூறு கார்டு, ஒரு ஆர்டர் இல்ல. அந்த நூறு பேரு யாருன்னு யோசிச்சுப் பாருங்க, எல்லாருமே விக்க வந்தவங்க, வாங்கற ஆளு ஒருத்தர் கூட இருந்திருக்க மாட்டாங்க. சீனால நான்சாங்ங்கற ஊர்ல 2013 வாக்குல 2,800க்கும் மேல நிறுவனங்களை வச்சு ஜிங் கை, ஆடம் செய்டல்னு ரெண்டு பேரு ஒரு சோதனை பண்ணாங்க, பத்து பத்து முதலாளிகளா குழு பிரிச்சு, ஒரு வருஷம் மாசாமாசம் சந்திச்சு பேசணும், அவ்வளவுதான். சந்திக்காத நிறுவனங்களோட ஒப்பிட்டா இவங்க விற்பனை 8 சதவீதம் கூடியிருந்துச்சு. யாருகிட்ட மெட்டீரியல் வாங்கறது, யாரை நம்பலாம்னு அங்கதான் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டாங்க. இது பெண்களுக்குன்னு பண்ணது இல்ல, ஆனா இதுல இருந்து நான் எடுத்துக்கறது என்னன்னா, சின்ன குழு, அதே முகங்கள், திரும்பத் திரும்ப, கணக்கை மேஜை மேல வச்சுப் பேசற அளவுக்கு பழக்கம். ஐநூறு பேர் ஹால்ல அது நடக்காது. ஏழெட்டு பேரைச் சேருங்க, எல்லாரும் பெண்களா இருக்கணும்னு அவசியம் இல்ல, உங்களைவிட பெரிய யூனிட் ரெண்டு இருக்கணும், பிரின்டிங் பண்றவங்க, பேக்கிங் ஆர்டர் குடுக்கற கம்பெனில பர்ச்சேஸ் பார்க்கறவங்க யாராவது ஒருத்தர் இருந்தா இன்னும் நல்லது. நேரத்தையும் நீங்களே வைங்க. சாயங்காலம் ஏழு மணிக்கு வச்சா யாரு வர முடியாதுன்னு நமக்குத் தெரியும்.

அதோட ஒரு துணை. அகமதாபாத்ல சேவா பேங்க் வாடிக்கையாளர்களுக்கு ரெண்டே நாள் தொழில் வகுப்பு நடத்தினப்போ சிலரை தனியா வரச் சொன்னாங்க, சிலரை தோழியைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. பாடம் ஒண்ணுதான். தோழியோட வந்தவங்கதான் அதுக்கப்புறம் தொழிலுக்கு கடன் எடுத்தாங்க, வேலையும் வருமானமும் அவங்களுக்குத்தான் கூடுச்சு. எனக்கு இதுல ஆச்சரியமே இல்ல, தனியா கத்துக்கிட்டு வீட்டுக்கு வந்து "இப்படிப் பண்ணலாம்னு இருக்கேன்"னு சொல்றதுக்கும், இன்னொருத்தியும் சேர்ந்து பண்றான்னு சொல்றதுக்கும் எவ்வளவு வித்தியாசம்! அதே மாதிரி நைரோபில டண்டோராங்கற பகுதில சின்ன தொழில் பண்ற பெண்கள்ல ஒரு பகுதிக்கு வகுப்பு நடத்தினாங்க, இன்னொரு பகுதிக்கு அதே பகுதில நல்லா தொழில் பண்ற ஒரு அனுபவசாலி பெண்ணைத் துணைக்கு விட்டாங்க. வகுப்புக்குப் போனவங்க லாபம் ஏறல. அந்த அக்கா கூட பேசினவங்க லாபம் சராசரியா 20 சதவீதம் ஏறுச்சு, காரணம் என்னன்னா விலை கம்மியா எங்க சரக்கு கிடைக்கும்னு அந்த அக்காவுக்குத்தான் தெரியும். ஆனா அந்தத் தொடர்பு நின்னதும் பலனும் கரைஞ்சு போச்சு. அதனால உங்க தொழில்லயே உங்களைவிட அஞ்சு வருஷம் முன்னாடி போற ஒருத்தரைப் பிடிங்க, "எனக்கு வழிகாட்டியா இருங்க"ன்னு பெருசா கேக்காதீங்க, ரோல் துணி எங்க எடுக்கறீங்க, எத்தனை நாள் கடன் குடுக்கறாங்கன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க, அடுத்த மாசம் இன்னொரு கேள்வி.

இப்ப ட்ரெய்னிங். ட்ரெய்னிங்கே வேஸ்ட்னு சொல்லல. டோகோ நாட்டுல லோமே நகரத்துல 1,500 சின்ன தொழில்காரங்களை மூணா பிரிச்சாங்க, ஒரு பகுதிக்கு வழக்கமான கணக்கு, மார்க்கெட்டிங், நிர்வாகம்னு பாடம், இன்னொரு பகுதிக்கு தானா முன்வந்து வாய்ப்பு தேடறது, தடங்கல் வந்தா வேற வழி பார்க்கறதுன்னு பழக்கத்தை மாத்தற பயிற்சி, மூணாவது பகுதிக்கு ஒண்ணும் இல்ல. 2017ல வந்த முடிவுப்படி வழக்கமான பாடத்துல லாபம் உறுதியா சொல்ற அளவுக்கு ஏறல, ரெண்டாவது பயிற்சில 30 சதவீதம் ஏறுச்சு, பெண்கள் தொழில்லயும் நல்லா ஏறுச்சு. வகுப்பு முடிஞ்சப்புறம் பயிற்சியாளர் அவங்கவங்க தொழில் இடத்துக்கே வந்து பார்த்துட்டு போனாங்க, அது எனக்கு முக்கியமா படுது. நீங்க போன ஆறுல எத்தனை பேரு உங்க யூனிட்டுக்கு வந்து மெஷினைப் பார்த்தாங்க?

அந்த ஆறுல யாராவது உங்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினாங்களான்னும் தெரியல, அதனால நான் போடறேன். ஒரு ஆர்டரோட விலை 100 பங்குன்னு வச்சுக்குவோம். துணி, நூல், கைப்பிடி நாடாவுக்கு 50, உடனே குடுக்கணும். பீஸ் ரேட் கூலி 20, வாடகை, பிரின்டிங், வண்டிக்கு 12. ஆக 82 உங்க கைல இருந்து இறங்கிடுது, மிச்சம் 18. தைக்க 15 நாள், பில்லு பாஸாகி பணம் வர 60 நாள்னா மொத்தம் 75 நாள் அந்த 82 மாட்டிக்கிட்டு நிக்குது. உங்ககிட்ட இருக்கறதே அந்த 82தான்னா வருஷத்துக்கு அஞ்சு ஆர்டர் கூட முழுசா முடிக்க முடியாது, உங்களுக்கு எவ்வளவு மார்க்கெட்டிங் தெரிஞ்சாலும் சரி. இதே பார்ட்டி 30 நாள்ல பணம் குடுத்தா சுத்து 45 நாள் ஆகுது, எட்டு ஆர்டர் பண்ணலாம். 60 நாளே ஆனாலும் 30 பங்கு அட்வான்ஸ் வாங்கிட்டா உங்க காசு 52தான் மாட்டுது. லோன்ல பாதி போகாம இருந்திருந்தா இன்னொரு ஆர்டர் கூடவே ஓடியிருக்கும். உங்க யூனிட் நாலு மெஷின்லயே நிக்கறதுக்கு காரணம் எனக்கு இங்கதான் தெரியுது. அட்வான்ஸ் கேட்டா ஆர்டர் போயிடும்னு பயமா இருந்தா எல்லா பார்ட்டிகிட்டயும் கேக்காதீங்க, புதுசா வர்றவங்ககிட்ட மட்டும் முதல் நாள்ல இருந்தே வழக்கமா வச்சுக்குங்க, பழையவங்ககிட்ட துணியை அவங்களையே வாங்கிக் குடுக்கச் சொல்லிப் பாருங்க.

குழு லோன் பத்தியும் ஒண்ணு சொல்லணும், வாங்கின ரெண்டாவது வாரமே தவணை ஆரம்பிச்சா அந்தப் பணத்தை 75 நாள் சுத்தற வேலைல போட முடியாது, தவணைக்குன்னு ஒரு பகுதியைத் தனியா எடுத்து வச்சுத்தான் ஆகணும். கொல்கத்தால இதை சோதிச்சுப் பார்த்திருக்காங்க, முதல் தவணையை ரெண்டு மாசம் தள்ளி வச்சவங்க துணிஞ்சு தொழில்ல போட்டாங்க, லாபமும் கூடுச்சு, ஆனா கட்டாம விட்டவங்களும் கொஞ்சம் கூடினாங்க, அதனால கடன் குடுக்கறவங்க சுலபமா இறங்கி வர மாட்டாங்க. இருந்தாலும் அடுத்த கடனுக்குப் போகும்போது வட்டி எவ்வளவுன்னு கேக்கறதோட முதல் தவணை எப்பன்னும் கேளுங்க, முடிஞ்சா ஆர்டர் பில்லைக் காட்டி வாங்கற கடனா பாருங்க.

அடுத்த மாசம் அந்த மூணு நாளை என்ன பண்றதுன்னு கேட்டீங்க. நடத்தறவங்களுக்கு போன் போட்டு, முடிஞ்சப்புறம் யாராவது யூனிட்டுக்கு வந்து பார்ப்பீங்களா, வாங்கற கம்பெனிகள்ல இருந்து யாராவது வர்றாங்களான்னு கேளுங்க. ரெண்டுக்கும் இல்லைன்னா போக வேண்டாம். முதல் நாள் கணக்காளர்கிட்ட பதிவைப் பத்திப் பேசப் போங்க, வீட்டுக்காரரையும் கூட்டிட்டு போங்க, இந்த தடவ அவரு கையெழுத்துக்காக மட்டும் இல்ல, அவருக்கும் புரியணும்ங்கறதுக்காக. ரெண்டாவது நாள் உங்க பேர்ல பிசினஸ் அக்கவுண்ட் திறங்க, "வீட்டுக்காரர் வரணும்"னு யாராவது சொன்னா எந்த விதில இருக்குன்னு எழுத்துல குடுங்கன்னு மரியாதையா கேளுங்க. மூணாவது நாள் கடைசியா முடிச்ச பத்து ஆர்டரை எடுத்து, எந்தத் தேதில காசு இறங்குச்சு, எந்தத் தேதில திரும்ப வந்துச்சுன்னு ஒரு பேப்பர்ல எழுதி எனக்கு அனுப்புங்க, பார்ட்டி பேரு வேண்டாம், தேதியும் தொகையும் போதும். அதை வச்சு உங்களுக்கு எவ்வளவு நடைமுறை மூலதனம், அதாவது ஆர்டரை ஓட்ட கைல சுத்த வேண்டிய காசு, வேணும்னு நான் கணக்கு போட்டு எழுதறேன்.